எழுதலாமா என்று கேட்பவன்

கேட்காமல் எதையும் செய்வதில்லை என்பது என் இயல்பு. ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன் கேட்பேன். ஃபேனை ஒரு எண் கூட்டுவதற்கு முன் கேட்பேன். வீட்டுக் கடன் முழுக்க என் சம்பளத்தில்தான் கழிந்தது. பத்திரத்தில் இருப்பதும் என் பெயர்தான். ஆனாலும் ஹாலில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால், சுத்தியலைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று "அடிக்கலாமா?" என்று கேட்பேன். பதிலுக்குக் குக்கர் விசில் அடிக்கும். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துவிட்டு, சுத்தியலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். காலண்டர் இப்போது நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. தேதி பார்க்க அது ஒன்றும் இடைஞ்சலாக இல்லை.

இப்படிப்பட்ட ஆள் ஓய்வு பெற்ற பிறகு புரோகிராம் எழுத உட்கார்ந்தால், அந்தப் புரோகிராம் எப்படி இருக்கும்?

பரணில் கிடந்த பழைய லேப்டாப்பை இறக்கினேன். லினக்ஸ் ஏற்றி, அப்பாச்சியும் பிஎச்பியும் போட்டு, வீட்டுக்குள் மட்டும் ஓடுகிற ஒரு சர்வர் ஆக்கினேன். நோக்கம் மளிகைக் கணக்கு. மனைவி கைபேசியில் "உளுத்தம்பருப்பு 1 கிலோ" என்று தட்டினால், லேப்டாப்பில் இருக்கும் கணக்கு ஃபைலில் அது கடைசி வரியாகப் போய் உட்கார வேண்டும். இதற்கு டேட்டாபேஸ் வேண்டாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இஸ்திரிக்காரர் கணக்குக்கு ஆரக்கிள் போட்டால் ஆரக்கிளுக்குத்தான் அவமானம். சாதாரண டெக்ஸ்ட் ஃபைலே போதும்.

எழுதுவதற்கு முன் அனுமதி கேட்க பிஎச்பியில் ஒரு ஃபங்ஷனே வைத்திருக்கிறார்கள்: இஸ் ரைட்டபிள். ஃபைலின் பெயரைச் சொன்னால், எழுதலாம் அல்லது எழுத முடியாது என்று பதில் தரும். ஸ்பெல்லிங்கில் தடுமாறுகிறவர்களை உத்தேசித்தோ என்னவோ, நடுவில் ஓர் எழுத்து கூடுதலாகச் சேர்த்த இன்னொரு பெயரிலும் அதே ஃபங்ஷன் கிடைக்கும். என்னைப் போன்றவர்கள் உலகில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் எனக்குக் கண் கலங்கியது. புரோகிராமின் முதல் வேலை, கேட்பது. சரி என்றால் எழுதுவது. இல்லை என்றால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒதுங்குவது.

முதல் ஓட்டத்திலேயே ஒதுங்கிவிட்டது. காரணம், கணக்கு ஃபைல் அப்போது பிறக்கவே இல்லை. இல்லாத ஃபைலைப் பற்றிக் கேட்டால் இந்த ஃபங்ஷன் முடியாது என்றுதான் சொல்லும். ஃபைல் இருக்கவும் வேண்டும், எழுதக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தலையாட்டும். எதுவும் கேட்காமல் நேரே எழுதப் போயிருந்தால், ஃபோல்டரில் இடம் கொடுத்திருக்கும் பட்சத்தில், ஃபைல் தானாக உருவாகியிருக்கும். ஆனால் என் புரோகிராம் கேட்குமே! ஃபைல் இல்லாததால் எழுதவில்லை, எழுதாததால் ஃபைல் இல்லை. குடும்பத் தலைவரின் குணம் கோடுக்குள் சுத்தமாக இறங்கியிருந்தது.

காலி ஃபைல் ஒன்றைக் கையாலேயே உண்டாக்கி வைத்தேன். டெர்மினலில் ஓட்டிப் பார்த்தேன்: எழுதலாம். பிரவுசரில் ஓட்டினேன்: முடியாது. அதே லேப்டாப், அதே ஃபைல், அதே கேள்வி. கேட்கிற ஆள்தான் வேறு. டெர்மினலில் கேட்டவன் நான். பிரவுசர் வழியாகக் கேட்டவர் அப்பாச்சி. டெபியன், உபுண்டு வகையறாக்களில் அப்பாச்சிக்குத் தனியாக ஒரு பயனர் கணக்கு உண்டு: டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டேட்டா என்று பெயர், 33 என்று எண். பிஎச்பி அந்த ஆசாமியின் கையால்தான் எழுதும். வேறு சில சர்வர்களில் அந்தக் கணக்கின் பெயரே 'நோபடி'. பிஎச்பி கையேடும், உன் புரோகிராம் யாராக ஓடுகிறது என்பதை மறந்துவிடாதே என்று இந்த இடத்தில் எச்சரிக்கிறது.

யூனிக்ஸ் குடும்பத்தில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று வகை ஆட்கள்: உரிமையாளர், குழு, மற்றவர். ஒவ்வொருவருக்கும் படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டிப் போட்டால் 644 என்பதில் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம், பாக்கிப் பேர் படித்துவிட்டுப் போகலாம். 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் பதிப்பில் உரிமையாளர், மற்றவர் என்று இரண்டே வகைதான். குழு பின்னால் வந்தது. என் ஃபைல் 644. உரிமையாளர் நான். 33-ஆம் எண்காரர் 'மற்றவர்'. அதனால்தான் அவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. வந்தவர் உரிமையாளர்தான் என்று தெரிந்துவிட்டால், லினக்ஸ் உரிமையாளருக்கான எண்ணை மட்டும்தான் பார்க்கும். அடுத்த இரண்டு எண்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே ஒரு ஃபைலுக்கு 066 என்று போட்டுவிட்டால், குழுவில் இருப்பவர் எழுதலாம், வழிப்போக்கர் எழுதலாம், உரிமையாளர் மட்டும் எழுத முடியாது. நான் இதைப் போட்டுப் பார்த்தேன். என் ஃபைலை நானே திறக்க முடியாமல் சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழகிய உணர்வாகத்தான் இருந்தது.

இத்தகைய சிக்கலுக்கெல்லாம் ஊர் உலகம் சொல்லும் கைவைத்தியம் 777. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். வலி உடனே நிற்கும். அந்த மெஷினில் கணக்கு வைத்திருக்கும் எந்த ஆசாமியும், ஓட்டை விழுந்த எந்தப் புரோகிராமும் உள்ளே வந்து கைவரிசை காட்டலாம் என்பதைத்தான் வைத்தியர்கள் சொல்வதில்லை. நான் ஃபைலின் குழுவை அப்பாச்சியின் குழுவாக மாற்றி 664 போட்டேன். இப்போது பிரவுசரிலும் எழுதலாம் என்று பதில் வந்தது. கேட்டு, பதில் வாங்கி, எழுதி, புரோகிராம் ஓட ஆரம்பித்தது. எனக்கு ஏக திருப்தி.

மகள் விடுமுறைக்கு வந்தாள். அவள் இந்தத் தொழிலில்தான் இருக்கிறாள். சர்வர் பக்கத்துக் கோடு எழுதுவதும், அடுத்தவர் எழுதிய கோடில் குற்றம் கண்டுபிடிப்பதும் அவள் வேலை. இரண்டாவதற்குத்தான் சம்பளம் அதிகம் தருகிறார்கள் போலிருக்கிறது. என் கோடை ஆர அமரப் படித்தாள்.

"அப்பா, எழுதப் போற ஃபைல்கிட்ட எழுதலாமான்னு ஏன் கேக்கறீங்க?"

"கேக்கறது மரியாதை இல்லையாம்மா?"

"அது சரின்னு சொன்னதுக்கும் நீங்க எழுதறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கே. அதுக்குள்ள அது மாறிட்டா?"

மாறாது என்றேன். அவள் பதில் பேசாமல் கேள்விக்கும் எழுத்துக்கும் நடுவில் பத்து நொடி தூங்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தாள். பிரவுசரில் ஓட்டினாள். புரோகிராம் கேட்டது, பதில் வாங்கிக்கொண்டது, தூங்கப் போனது. அந்த நேரத்தில் பக்கத்து டெர்மினலில் சிஎச்மாட் கட்டளை அடித்து 664-ஐ 644 ஆக்கினாள். புரோகிராம் கண் விழித்து, கையில் இருந்த சம்மதத்தோடு கம்பீரமாக எழுதப் போய், உதை வாங்கிக்கொண்டு திரும்பியது.

நிஜத்தில் பத்து நொடி தூங்குகிற புரோகிராம் கிடையாது. இடைவெளி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் சர்வரில் ஒரே சமயத்தில் பல கோரிக்கைகள் ஓடிக்கொண்டிருக்கும். பேக்கப் ஸ்கிரிப்ட் வந்து போகும். லாக் ஃபைல்களைச் சுழற்றும் புரோகிராம் பழைய ஃபைலை ஓரம் கட்டிவிட்டு வேறு அனுமதியோடு புது ஃபைலைக் கொண்டுவந்து வைக்கும். எதுவும் நம்மிடம் சொல்லிவிட்டுச் செய்யாது.

இதையெல்லாம் காய் நறுக்கிக்கொண்டே கேட்ட என் மனைவி நிமிராமல் சொன்னாள்: "பாத்ரூம் காலியா இருக்கான்னு கேட்டுட்டு, துண்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள வேற யாராவது உள்ள போயிடறாங்களே, அதானே?"

"அதேதாம்மா" என்றாள் மகள். "இதுக்கு டாக்-டூன்னு பேரு." பார்த்த நேரத்துக்கும் பயன்படுத்திய நேரத்துக்கும் நடுவில் விழுகிற ஓட்டை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மாட் பிஷப்பும் மைக்கேல் டில்கரும் 1996-இல் இதைப் பற்றியே ஒரு முழு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். என் மனைவி ஒரு முருங்கைக்காயை நறுக்கி முடிக்கும் நேரத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டாள். நான் இன்னும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டிருப்பேன். அதற்கு முன் யோசிக்கலாமா என்று வேறு கேட்டிருப்பேன்.

என் வீட்டில் இந்த ஓட்டையில் விழுந்தால் போவது உளுத்தம்பருப்பு. வெளியே வேறு மாதிரி. யூனிக்ஸில் சில புரோகிராம்கள், ஓட்டுகிற ஆள் யாராக இருந்தாலும், ரூட் என்கிற சர்வாதிகாரியின் பலத்தோடு ஓடும். சாதாரணப் பயனர் தன் பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொள்ள இந்த உபாயம் இல்லாமல் முடியாது. பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி கண்டுபிடித்தது; 1973-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1979-இல் வழங்கப்பட்டது. ஒற்றை பிட்டுக்குக் காப்புரிமை! அப்படி இரவல் பலத்தில் ஓடும் புரோகிராம், ரூட்டின் கையால் ஒரு ஃபைலைத் திறக்கும் முன், தன்னை ஓட்டுகிற சாதாரண ஆளுக்கு அதில் எழுத உரிமை உண்டா என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்க ஆக்சஸ் என்று ஒரு சிஸ்டம் கால் இருக்கிறது. இப்போது திருடன் வருகிறான். விசாரணையின்போது தன் சொந்த ஃபைலைக் காட்டுகிறான். சரி என்று பதில் வந்த மறுகணம், அதே பெயரில் பாஸ்வேர்ட் ஃபைலைச் சுட்டும் ஒரு சிம்பாலிக் லிங்க்கை வைத்துவிடுகிறான். புரோகிராம் ரூட்டின் கையால் பாஸ்வேர்ட் ஃபைலில் எழுதுகிறது. எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் புரோகிராமின் லாக் எழுதும் வசதியில் இந்த ரகத்து ஓட்டை இருந்து, 1993-இல் எச்சரிக்கை வெளியானது. ஆக்சஸ் காலின் லினக்ஸ் கையேட்டுப் பக்கத்திலேயே, இந்தக் காரணத்துக்காக இதைத் தவிர்ப்பது நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். தன்னைப் பயன்படுத்தாதே என்று சொல்லும் கையேடு! ஜாதகக் கட்டிலேயே 'இவனிடம் ஆலோசனை கேட்காதே' என்று எழுதிக்கொண்டு பிறந்த என் மாதிரி ஆட்களுக்கு அது சொந்தக்காரன்.

"திருடன் கதை சரி. நம்ம வீட்டுல அவ்வளவு சாமர்த்தியசாலி யாரு?" என்றேன்.

மகள் விடவில்லை. லினக்ஸில் டெவ் ஃபுல் என்று ஒரு விசேஷ ஃபைல் வைத்திருக்கிறார்கள். எழுதலாமா என்று கேளுங்கள்: தாராளமாக, யார் வேண்டுமானாலும். எழுதிப் பாருங்கள்: இடமில்லை. எப்போது எழுதினாலும் அதே பதில். டிஸ்க் நிரம்பிப் போனால் நம் புரோகிராம் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதிக்கத்தான் அது உதவும். என் புரோகிராமை அதன் பக்கம் திருப்பினாள். கேட்டது, சம்மதம் கிடைத்தது, எழுதப் போனது, பிழை எண் 28, இடமில்லை. அனுமதி என்பதும் முடியும் என்பதும் வேறு வேறு. டிஸ்க் நிரம்பியிருக்கலாம், கோட்டா தீர்ந்திருக்கலாம். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் வழக்கமாக டிஸ்க்கில் 100-க்கு 5 பங்கை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கும். ரூட்டாக உட்கார்ந்து சோதித்தால் எழுதும், மற்ற எல்லாருக்கும் இடமில்லை என்று வரும்.

தலைகீழாகவும் உண்டு. எழுத முடியாது என்று பதில் வந்த ஃபைலை அழித்தே விடலாம். ஒரு ஃபைலை அழிப்பதற்கும் பெயர் மாற்றுவதற்கும் அந்த ஃபைலின் அனுமதி தேவையில்லை. அது இருக்கும் ஃபோல்டரில் எழுத உரிமை இருந்தால் போதும். (தற்காலிக ஃபைல்களுக்கான பொது ஃபோல்டரில் இது செல்லாது, அங்கே அடுத்தவர் ஃபைலை அழிக்காமலிருக்க ஸ்டிக்கி பிட் என்று தனியாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்.) கணக்கு ஃபைலுக்கு 444 போட்டுப் பூட்டிவிட்டேன் என்று நான் நிம்மதியாகத் தூங்கினால், ஃபோல்டர் திறந்திருக்கும் வரை எவர் வேண்டுமானாலும் அதைத் தூக்கிக் கடாசிவிட்டு வேறொன்றை அதே பெயரில் வைக்கலாம்.

ஆக, சரி என்பது சரி இல்லை. முடியாது என்பது முடியாதும் இல்லை. என் ஃபங்ஷனின் பதிலை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

"ஒண்ணும் செய்ய வேணாம்ப்பா. நேரா ஃபைலைத் திறங்க, எழுதுங்க. முடியலைன்னா அதுவே சொல்லும். சொல்றதைக் காதுல வாங்குங்க, போதும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை என் மனைவி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

உண்மையில் இதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. பைத்தான் மொழியின் கலைச்சொல் பட்டியலிலேயே இரண்டும் வருகின்றன: குதிக்கும் முன் பார்க்கிறவர்கள் ஒரு கட்சி, அனுமதி கேட்பதைவிட மன்னிப்புக் கேட்பது சுலபம் என்கிறவர்கள் இன்னொரு கட்சி. முதல் கட்சிக்குப் பல இழைகள் ஒன்றாக ஓடும் இடத்தில் இந்த இடைவெளித் தொல்லை உண்டு என்று அங்கேயே குறிப்பும் இருக்கிறது. நோட்.ஜேஎஸ் ஆவணம் இன்னும் கறார்: திறப்பதற்கு முன் அனுமதி இருக்கிறதா என்று சோதிக்காதே, நேரே திற, பிழை வந்தால் கவனி. நான் பிறவியிலேயே முதல் கட்சி. கட்சி மாற இந்த வயதில் கூச்சமாக இருந்தது. ஆனால் மனைவியும் மகளும் எதிர்க்கட்சியில் இருக்கும்போது வீட்டில் பெரும்பான்மை யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டுமே.

கேள்வியை எடுத்தேன். ஃபைலின் கடைசியில் சேர்த்து எழுதச் சொல்லி, கூடவே பூட்டையும் போட்டேன்; மனைவி பாலையும் மகள் பிஸ்கட்டையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் ஒருவர் வரி இன்னொருவர் வரிக்குள் புகுந்துவிடக் கூடாது. எழுதி முடித்த ஃபங்ஷன் எத்தனை பைட் எழுதினேன் என்று எண்ணிக்கை தரும், தோற்றால் 'இல்லை' என்று சொல்லும். முன்பு அந்தப் பதிலை நான் வாங்கி வைத்ததே இல்லை. முன்னால் கேட்ட கேள்விக்குச் சம்மதம் வந்துவிட்டதே, பின்னால் வேறு எதற்கு என்ற நினைப்பு. யோசித்துப் பார்த்தால் முன்ஜாக்கிரதைக்காரர்களின் சோம்பேறித்தனம் இதுதான்.

பழைய வரிகளைத் திருத்த வேறு முறை. முழு ஃபைலையும் அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலாக எழுதி, எழுத்து பூராவும் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு, பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைத்துவிடுவது. ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரே மூச்சில் நடக்கும். பார்க்கிறவருக்குப் பழையது முழுசாகத் தெரியும் அல்லது புதியது முழுசாகத் தெரியும், அரைகுறை தெரியாது. ஃபோல்டரில் எழுத அப்பாச்சிக்கு உரிமை கொடுத்தேன். முறை அருமையாக வேலை செய்தது. ஒரே ஒரு பின்விளைவு. புது ஃபைலை உண்டாக்கியவர் 33-ஆம் எண்காரர் ஆகையால், அன்று முதல் வீட்டுக் கணக்கின் உரிமையாளர் அவர்தான். அனுமதி 644. லேப்டாப் என்னுடையது, கரண்ட் பில் என்னுடையது, கணக்கில் நான் 'மற்றவர்'. படித்துவிட்டுப் போகலாம்.

கேட்பதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று மகள்கூடச் சொல்லவில்லை என்பதை என் கட்சியின் மானம் கருதிச் சொல்லிவிடுகிறேன். புரோகிராமை நிறுவும்போது, மனிதருக்கு முன்கூட்டித் தகவல் சொல்ல, கேள்வி மிகவும் நல்லது. ட்ரூபல் நிறுவும் பக்கம் செட்டிங்ஸ் ஃபைலில் எழுத முடிகிறதா என்று முதலிலேயே பார்த்துச் சொல்லும். நிறுவி முடிந்த பிறகும் அது எழுதும்படியே இருந்தால், ஏன் இன்னும் திறந்து போட்டிருக்கிறாய் என்று கடிந்துகொள்ளும். வேர்ட்பிரஸ் தன் அமைப்பு ஃபைலை எழுத முடியாவிட்டால், எழுத வேண்டியதை ஒரு பெட்டியில் காட்டி, நீங்களே ஒரு ஃபைல் செய்து இதை ஒட்டிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளும். முடியாமல் போனாலும் மனிதரைத் தவிக்க விடாத அந்தப் பண்பு எனக்குப் பிடித்திருக்கிறது. கேள்வியின் பதிலை நம்பி எழுத்தில் இறங்குவதுதான் கூடாது.

இத்தனைக்கும் பிறகு பாக்கியிருந்தது, தோற்றால் திரையில் என்ன சொல்வது என்பது. நான் பிழை எண்ணை அப்படியே காட்டியிருந்தேன்: 13, 28, 30.

"யாருங்க இந்த பதிமூணு?" என்றாள் மனைவி.

அனுமதி இல்லை என்று அர்த்தம் என்றேன். 28 என்றால் இடமில்லை. 30 என்றால் ஃபைல் சிஸ்டமே படிக்க மட்டும் என்றாகிவிட்டது. பல லினக்ஸ் நிறுவல்களில், டிஸ்க்கில் கோளாறு கண்டால் மேலும் கெட்டுப் போகாமலிருக்க எழுதுவதை மொத்தமாக நிறுத்திவிடும் ஏற்பாடு உண்டு. மனைவி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு மூன்றுக்கும் வாசகத்தை அவளே சொன்னாள். மகள் தட்டினாள். நான் அருகில் நின்றேன்.

13: "எழுத அனுமதி இல்லை. வீட்டுக்காரரைக் கூப்பிடவும். எதையோ நோண்டியிருப்பார்."

28: "இடமில்லை. வீட்டுக்காரரின் கச்சேரிப் பதிவுகளில் பாதியை அழிக்கவும். எந்தப் பாதி என்று அவரிடம் கேட்க வேண்டாம்."

30: "லேப்டாப் போய்விட்டது. பரணில் வைக்கவும். அலமாரியில் இரண்டாவது தட்டில் நோட்டு இருக்கிறது."

மகள் மூன்றையும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஏற்றுக்கொண்டாள். என் கோடில் திருத்தம் சொல்லாமல் அவள் விட்ட பகுதி அது ஒன்றுதான்.